அய்யனாருக்கு நேர்ந்த முடி

அய்யனார் கோவிலுக்குப் போகிற வழியில் மாமர நிழலும் வெயிலும் மாறி மாறி ஜீப்புக்குள் வந்து போயின. மாரிச்செல்விக்கு எல்லாமே கனவில் நடப்பதுபோல இருந்தது. மடியில் ஏழு வயது கார்த்திகா தூங்கிக்கொண்டு வந்தாள். மூளையில் கட்டி என்று மதுரையில் சொன்ன அன்றைக்கு, "பிள்ளைய உசுரோட குடு, அவ முடியத் தாரேன்" என்று மாரிச்செல்வி வேண்டிக்கொண்டது இந்த அய்யனாரிடம்தான். ஆனால் கட்டியைக் கருக்கக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்ததில் முடி மொத்தமும் ஆஸ்பத்திரித் தலையணையிலேயே கொட்டிப்போனது. இப்போதுதான் கோழிக்குஞ்சுபோல மெத்தென்று முளைத்திருக்கிறது. தடவத் தடவ அவளுக்கு ஆசை தீரவில்லை. காதுக்குப் பின்னால், தலையில் சேரும் நீரை வயிற்றுக்கு இறக்குகிற டியூப் தோலுக்கடியில் ஓடுகிறது. கண்ணை மூடிக்கொண்டே அது போகிற வழியை அவள் விரல் சொல்லும்.

காலையில் எழுந்ததுமே பிள்ளை வாந்தி எடுத்திருந்தாள். "வெறும் வயிறு, வேறென்ன" என்று புருஷன் வீரணனின் அக்கா சுந்தரம்மாள் முடித்துவிட்டாள். அவள் முடித்துவிட்டால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. பட்டாளத்தில் இருந்து லீவில் வந்த வீரணன்கூட அக்கா முன்னால் அட்டென்ஷன்தான்.

அருவிக்கரைக் கோவிலில் சாம்பிராணிப் புகை எழுந்தது. நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கார்த்திகா தலையைத் தொங்கப்போட்டு, கண் செருகி, மெல்ல ஆடினாள்.

"ஏலே வீரணா, பிள்ளைக்கு அருள் வருதுடா!"

சுந்தரம்மாள் குலவை போட்டால் அருவிச் சத்தமே அடங்கிவிடும். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வீரணன் கைகூப்பி அழுதான். மாரிச்செல்விக்கும் அந்த ஒரு நிமிடம் இனித்தது. சாமியே வந்து பிள்ளைக்குள் உட்கார்ந்தால் இனி என்ன கவலை? அவள் கைகளும் தாமாகக் கூடின.

அப்போதுதான் யுவராணியின் நினைவு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. வார்டில் பக்கத்துக் கட்டில். அவள் மகன் கௌதம்ராஜுக்கும் இதே டியூப்தான்; அவன் இப்போது இல்லை. "டியூப் அடைச்சா கண்ணு மேல ஏறாதாம். எம்பிள்ள தலையத் தூக்கித் தூக்கிப் பாத்தான், நல்லாத்தான் இருக்கான்னு இருந்துட்டேன் செல்வி. நீ அப்படி இருந்துராத. தாடையப் பிடிச்சுக்கிட்டு, கண்ணு மட்டும் மேல போகுதான்னு பாரு."

மாரிச்செல்வி மகளின் தாடையைப் பிடித்தாள். "கார்த்தி, அருவி எங்கருந்து விழுது? பாரும்மா."

கண்மணிகள் பாதி வழி ஏறி, நின்று, கீழே சரிந்தன.

"பாத்துட்டேம்மா" என்றாள் பிள்ளை, சிரித்துக்கொண்டே.

மாரிச்செல்வி பிள்ளையை வாரித் தோளில் போட்டாள். "ஏங்க, இது அருள் இல்ல. டியூப் அடைச்சிருக்கு. வண்டிய எடுங்க."

"ஏட்டி, சாமி முன்னால பாதியில எந்திரிச்சுப் போனா குத்தமாயிரும்!"

"அந்தக் குத்தம் என் தலையில விழட்டும் மதினி."

வீரணன் அக்காவைப் பார்த்தான், சாமியைப் பார்த்தான். பிறகு ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினான்.

மதுரையில் உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அடைப்பு இருந்தது, டியூப்பை மாற்றினார்கள். அதற்காக ஒரு பக்கம் வழித்த முடியை நர்ஸிடம் கேட்டு வாங்கி, மாரிச்செல்வி பேண்டேஜ் துணியில் முடிந்துகொண்டாள். அய்யனாருக்குச் சேரவேண்டியது வந்துவிட்டது. கத்தி யாருடையதாக இருந்தால் என்ன, அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

திரும்பி வருகையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டியை நிறுத்தினார்கள். போனில் விஷயம் கேட்டு, கோவில் முக்கில் யுவராணி காத்திருந்தாள். தலைக்கட்டோடு அம்மா மடியில் சாய்ந்திருந்த கார்த்திகாவின் தாடையை ஜன்னல் வழியே கைவிட்டுப் பிடித்தாள்.

"கோபுரத்துல கிளி இருக்கா, பாரு கண்ணு."

தாடை அசையவில்லை. கண்கள் மட்டும் மெல்ல, மெல்ல ஏறி, உச்சிக் கலசம் வரைக்கும் போயின.

"ரெண்டு இருக்கு பெரியம்மா."

"இன்னும் செத்த நேரம் பாரு" என்றாள் யுவராணி. கண்ணீர் கொட்டியது. துடைக்க ஒரு கை போதும் என்று இன்னொரு கையைத் தாடையிலிருந்து எடுக்கவே இல்லை.