கிஹூன் அம்மாவின் ஜெபம்

கொரியாவில், குன்சான் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சபையில், கிஹூன் அம்மாவைப் போல ஜெபம் பண்ணப் போதகராலும் முடியாது என்று ஒரு பேச்சு உண்டு. போதகருக்கும் அது தெரியும். யார் வீட்டில் காய்ச்சல், கடன், கோர்ட்டு கேஸ் என்றாலும் "கிஹூன் அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். விடியற்காலை ஜெபத்துக்குக் கதவைத் திறப்பவளும் அவள்தான். பனி கொட்டினாலும் சரி, அரிசியைக் களைந்து குக்கரில் போட்டுவிட்டு வந்துவிடுவாள். திரும்பிப் போகும்போது சோறு வெந்திருக்கும். அவளுக்கு இன்சூக் என்று ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி அவளைக் கடைசியாகக் கூப்பிட்டது யார் என்று அவளுக்கே ஞாபகமில்லை.

அப்பேர்ப்பட்டவளின் மானம் அந்த ஞாயிற்றுக்கிழமை கப்பலேறியது.

ஆராதனை நடுவில் எல்லாரும் சேர்ந்து வாய்விட்டு ஜெபிக்கும் நேரம் ஒன்று வரும். "ஆண்டவரே!" என்று சபையே மூன்று தரம் கூவும். அதற்குப் பிறகு அவரவர் பாரத்தை அவரவர் கொட்ட வேண்டியதுதான். மீன் ஏலம் தோற்றுப்போகும். பக்கத்தில் இருப்பவள் அழுகிறாளா திட்டுகிறாளா என்றுகூடத் தெரியாது. போதகர் கைமணியை அடித்ததும் எல்லாரும் கப்சிப் என்று நிறுத்திவிட வேண்டும்.

அந்த இரைச்சல்தான் இன்சூக்கின் சொந்த அறை. வீட்டில் அவளுக்கென்று கதவு சாத்திக்கொள்ள ஓர் இடம் இருந்ததில்லை. மாமியார் படுக்கையில் கிடந்த வருஷங்களிலும், கணவன் குடித்துவிட்டு வந்து கிண்ணத்தைச் சுவரில் எறிந்த நாட்களிலும் அவள் வீட்டில் வாயைத் திறந்ததில்லை. எல்லாவற்றையும் மூட்டை கட்டி இங்கே கொண்டுவந்தாள். "இந்தக் கிழவியைச் சீக்கிரம் கூட்டிக்கோ ஆண்டவரே" என்றுகூட ஒரு தரம் கத்தியிருக்கிறாள். யார் காதிலும் விழவில்லை. மாமியார் போய்ச் சேர்ந்தாள். கணவன் குடியை விட்டான், லாரியில் வேலை கிடைத்தது, இப்போது ஞாயிறானால் பூசான் பக்கம் எங்கேயோ ஓட்டிக்கொண்டிருப்பான். எல்லாம் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று நம்பினாள். நம்பாமல் அந்த வீட்டில் எப்படிக் காலம் தள்ளியிருப்பாள்?

அன்றைக்கு மகன் கிஹூன் போராவை முதல் தடவையாகச் சபைக்குக் கூட்டி வந்திருந்தான். போரா அவனைவிட மூன்று வயது பெரியவள். பஸ் ஸ்டாண்டு பக்கம் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள். புருஷன் விட்டுவிட்டுப் போய், ஹாரின் என்று ஆறு வயதுப் பெண் குழந்தை. கல்யாணம் என்றால் இவளைத்தான் என்று மகன் சொல்லிவிட்டான். அம்மாவின் மனசு குளிரட்டும் என்றுதான் போராவும் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு, குழந்தைக்கு ஜடை பின்னிக்கொண்டு வந்தாள். இன்சூக் அவளைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து, பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுத்தாள். பார்த்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள்.

பிறகு ஜெப நேரம் வந்தது. இன்சூக் கண்ணை மூடிக் கையைத் தூக்கி, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வழக்கமாகப் போதகர் லேசில் மணி அடிக்க மாட்டார். அன்றைக்குப் புதிதாக ஒரு பெண்ணும் குழந்தையும் வந்திருக்கிறார்களே, இந்தக் கூச்சலில் மிரண்டுவிடக் கூடாதே என்று சீக்கிரமே அடித்துவிட்டார். சபை நின்றது. இன்சூக் நிற்கவில்லை.

"இந்தப் பொண்ணும் இவ பெத்ததும் என் புள்ளைய விட்டு ஒழியட்டும் ஆண்டவரே! எப்படியாவது ஒழியட்டும்! நீரே ஒரு வழி பண்ணும்!"

தன் குரல் மட்டும் தனியாகக் கூரையில் மோதுவது காதில் விழுந்தபிறகுதான் கண்ணைத் திறந்தாள். குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. போரா மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிஹூன் திரும்பவே இல்லை, அவன் காது மட்டும் சிவந்திருந்தது. போதகர் இருமிவிட்டு, "அடுத்த பாட்டு பாடலாம்" என்றார். எத்தனையாவது பாட்டு என்று சொல்லக்கூட மறந்துவிட்டார்.

இன்சூக்குக்கு உடம்பெல்லாம் கூசியது. பின்கதவு வழியாக ஓடிவிடலாம் என்று பார்த்தால், மதியச் சாப்பாட்டுக்கு அன்றைக்கு அவள் குழுவின் முறை. நூறு பேருக்கு நூடுல்ஸ் வேகவைக்க வேண்டும். அடித்தளத்துச் சமையலறைக்கு இறங்கி, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, நெத்திலிச் சாறு கொதிக்கும் அண்டாவின் ஆவிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

தொங்சூ அம்மா வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டே ஆரம்பித்தாள். இருவரும் ஒரே வயது, ஒரே தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள்.

"மைக்கே தேவைப்படலடி உனக்கு. கடைசி பெஞ்சு வரைக்கும் கணீர்னு கேட்டுச்சு."

"சும்மா இருக்கியா?"

"எதுக்குடி இப்படிக் குன்னிப் போற? என் மருமக வர்றதுக்கு முன்னாடி நானும் இதையேதான் கேட்டேன். என் நல்ல நேரம், அன்னைக்கு மணி லேட்டா அடிச்சாங்க."

இன்னொரு நாளாக இருந்தால் இன்சூக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருப்பாள். இன்றைக்குத் தலையைத் தூக்காமல் முட்டைகளை உடைத்துக்கொண்டிருந்தாள்.

கிஹூன் வாசலில் வந்து நின்றான். தொங்சூ அம்மா வெங்காயத்தாளை அள்ளிக்கொண்டு நாசூக்காக நழுவினாள்.

"அம்மா, சொன்மி என்னை விட்டுட்டுப் போனாளே. அப்பவும் இதையேதான் கேட்டியா?"

இன்சூக் அண்டாவைக் கிளறினாள். சொன்மி நர்ஸ். நல்ல பெண்தான். ஆனால் புத்தர் கோயிலுக்குப் போகிற குடும்பம். இன்சூக் மதியச் சாப்பாட்டை விட்டு உபவாசமிருந்து ஜெபித்தாள். ஒருநாள் சொன்மி காரணம் எதுவும் சொல்லாமல் விலகிக்கொண்டாள்.

"நான் சாப்பிடாம கிடந்தேன். நீ கஞ்சி காய்ச்சி எடுத்துட்டு வந்து, அம்மா உனக்காக ஜெபம் பண்றேன்டான்னு சொன்ன. நான் அதப் புடிச்சுக்கிட்டுதாம்மா எழுந்து உக்காந்தேன். எனக்கு வேற எதுவும் இல்ல அப்போ. அதுக்குத்தான் கேக்கறேன். சொல்லு, கேட்டியா?"

கேட்டாள்தான். கேட்டது மட்டுமா? சொன்மி போனதும் சபையில் எழுந்து நின்று, இன்ன காரியம் என்று சொல்லாமல், ஆண்டவர் தன் ஜெபத்தைக் கேட்டார் என்று சாட்சி சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் முடிந்து வீட்டுக்குப் போய்த்தான் மகனுக்குக் கஞ்சி காய்ச்சினாள்.

"சாறு பொங்குது. தள்ளு," என்றாள்.

அவன் வாசலை விட்டுப் போய்விட்டான். பெற்ற பிள்ளையிடம், அதுவும் இத்தனை வயதில், சாறு பொங்குகிறது என்று சொல்லித் தப்பித்ததை நினைக்க அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. இதற்கு மேலும் மறைத்தால் அவன் ஒரேயடியாகப் போய்விடுவான். சண்டை போட்டுக்கொண்டெல்லாம் போக மாட்டான், அவன் சுபாவம் அப்படியில்லை. மாசா மாசம் போன் பண்ணுவான். அவ்வளவுதான் இருக்கும்.

சாப்பாட்டு வரிசை வந்தது. வழக்கமாக அவளிடம் ரெண்டு வார்த்தை பேசாமல் நகராதவர்கள் கிண்ணத்தை மட்டும் பார்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். போராவும் குழந்தையும் வந்து நின்றார்கள்.

"ரெண்டு கிண்ணம் தாங்கம்மா," என்றாள் போரா.

குழந்தை எம்பிப் பார்த்தது. "அம்மா, இந்தப் பாட்டி சாமிகிட்ட நம்மளப் பத்தி என்னமோ கேட்டாங்கல்ல? என்ன கேட்டாங்க?"

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"நாம ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்னு கேட்டாங்க," என்றாள் போரா. "தேங்க்ஸ் சொல்லு."

ஹாரின் ஜடை முன்னால் விழ நன்றாகக் குனிந்து, "தேங்க்ஸ் பாட்டி" என்றாள்.

இந்தப் பொய் இன்சூக்குக்குப் புதிதில்லை. கிண்ணம் சுவரில் உடைந்த ஒவ்வொரு தடவையும், அப்பாவுக்குக் கை வழுக்கிவிட்டது என்று சின்னக் கிஹூனிடம் இதே முகத்தோடு, இதே நிதானத்தோடு அவள் சொல்லியிருக்கிறாள். குழந்தை பயப்படக் கூடாது என்பதற்காக ஒரு தாய் சொல்கிற பொய். அன்றைக்குக் கிண்ணத்தை எறிந்தவன் இருந்த இடத்தில் இன்றைக்கு யார் நிற்கிறார்கள் என்று யோசித்தபடியே தன் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். குழந்தையின் நூடுல்ஸ் மேல் முட்டைத் துண்டுகளை அள்ளி அள்ளிப் போட்டாள். அதுவும் வெட்கமாகத்தான் இருந்தது. முட்டையால் ஈடுகட்டுகிற காரியமா இது?

எல்லாரும் உட்கார்ந்ததும் போதகர் எழுந்தார். "கிஹூன் அம்மா, ஜெபம் பண்ணிடுங்க," என்றார். இத்தனை வருஷப் பழக்கம், வாயில் வந்துவிட்டது. வந்தபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அதற்குள் தலைகளெல்லாம் குனிந்துவிட்டன.

இன்சூக் ஏப்ரனோடு வந்து நடுவில் நின்றாள். சொல்ல வேண்டியது அவளுக்குத் தூக்கத்திலும் வரும். இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும், இதைச் சமைத்த கைகளை ஆசீர்வதியும்.

"ஆண்டவரே," என்றாள். சமைத்த கைகளைப் பார்த்தாள். அதற்கு மேல் வரவில்லை.

நூடுல்ஸ் ஊறிக்கொண்டிருந்தது. யாரோ நாற்காலியை அசைத்தார்கள்.

"ஆண்டவரே, சொன்மியையும் நான்தான் போகச் சொல்லி உம்மகிட்ட கேட்டேன். அவ போனதும் இங்க எந்திரிச்சு நின்னு ஸ்தோத்திரம் சொன்னேன். என் புள்ள சாப்பிடாம கிடந்தான். நான் ஸ்தோத்திரம் சொல்லிட்டு இருந்தேன். நான் அவனுக்காக ஜெபம் பண்றேன்னு அவன் நம்பினான். எனக்காகத்தான் பண்ணியிருக்கேன். இத்தனை வருஷமும் எனக்காகத்தான்."

குரலில் பழைய கணீர் இல்லை. அதோடு நின்றுவிட்டாள். முடிக்கத் தெரியவில்லை, முடிந்துவிட்டதா என்றும் தெரியவில்லை. இதற்கு ஆமென் சொல்வதா வேண்டாமா என்று யாருக்குத் தெரியும்?

"ஆமென்," என்று ஒரு குரல் வந்தது.

போரா. சொன்மி யார் என்று அவளுக்குத் தெரியாது. ஜெபம் முடிந்தால் இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும் என்று வரும் வழியில் கிஹூன் காரில் சொல்லிக் கொடுத்திருந்தான். வேறு யாரும் சொல்லாததால் அவள் சொன்னாள். குழந்தையும் சொன்னது. அப்புறம் தொங்சூ அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள், போதகர் சொன்னார், கலைந்து கலைந்து சபையே சொல்லி முடித்தது.

கிஹூன் மட்டும் சொல்லவில்லை. இன்சூக் கண்ணைத் திறந்தபோது அவன் கண்ணை மூடியே இருக்கவில்லை என்று தெரிந்தது. ஜெபம் முழுவதையும் அவளைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டிருக்கிறான். இப்போதும் பார்த்துக்கொண்டிருந்தான், தன் அம்மாவை அல்ல, அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்திக்கிற யாரோ ஒரு பொம்பளையை.