பயில்வானின் கை

ஆய்வகத்தில் எந்த பாட்டிலின் மூடி திறக்க மறுத்தாலும் அது நேராக அவளிடம்தான் வரும். ஒரே திருகு, மூடி கையோடு வந்துவிடும். அதனால் அங்கே அவளுக்குப் பயில்வான் என்று பெயர். ஆள் பார்க்க ஒல்லிதான், பலமெல்லாம் மணிக்கட்டில் போய் உட்கார்ந்திருந்தது.

மூன்று வருடமாக அவள் துரத்திக்கொண்டிருந்தது சைட்டோகுரோம் சி என்ற ஒரு பொடிப் புரதத்தை. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டிக் குட்டி அறைகள் உண்டு, செல்லுக்கு வேண்டிய சக்தி அங்கேதான் தயாராகிறது. அந்த அறைக்குள் இருக்கும்வரை இந்தப் புரதம் பரம சாது. கொடுத்த வேலையைச் செய்துகொண்டு கிடக்கும். வெளியே கசிந்தால் போச்சு, அதையே கட்டளையாக எடுத்துக்கொண்டு செல் தன்னைத் தானே ஒழுங்காகப் பிரித்துப் போட்டுச் செத்துப்போகும். புற்றுநோய்ச் செல்லில் இந்தக் கசிவை உண்டாக்கும் ஒரு மருந்தைத்தான் அவள் சோதித்துவந்தாள். மருந்து போட்ட செல்லில் புரதம் வெளியே வந்திருந்தது, போடாத செல்லில் வரவில்லை. கட்டுரையும் எழுதியாகிவிட்டது. வியாழக்கிழமை அதை ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

ஞாயிறு காலை அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற கணவர் டம்ளர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் பஸ் ஓட்டுநர். கல்யாணமான புதிதில் ஆறு கண்ணாடி டம்ளரில் நாலை அவள் ஒரே வாரத்தில் உடைத்தாள். அன்றிலிருந்து வீட்டில் கண்ணாடி அவர் பொறுப்பு, சட்டி பானை அவள் பொறுப்பு.

"ஏன், உங்க கை மட்டும் பூவா?" என்றாள்.

"அதுக்கில்லம்மா. உன் கைக்கு அதோட பலம் தெரியாது."

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

ஏனென்றால் ஆய்வகத்திலும் இப்படி ஒரு பங்கீடு இருந்தது. புரதம் கசிந்திருக்கிறதா என்று பார்க்க, செல்லைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, அதற்குள் கச்சிதமாகப் பொருந்தும் கண்ணாடித் தண்டால் முப்பது முறை இடிக்க வேண்டும். செல்லின் மேல்தோல் கிழியலாம், உள்ளே இருக்கும் மைட்டோகாண்ட்ரியா கிழியக் கூடாது. மருந்து போட்ட செல்லைப் பயில்வான் யாரையும் நம்பிக் கொடுக்க மாட்டாள். அது அவளுடைய செல்லப்பிள்ளை, அவளேதான் இடிப்பாள். போடாத செல்லை இடிப்பது ஆய்வக உதவியாளர். அந்தப் பெண் நடந்தால் சத்தம் வராது, தொட்டால் தொட்டதே தெரியாது, அதனால் பூனை என்று கூப்பிடுவார்கள். மூன்று வருடமும் இதே பழக்கம். அப்படியென்றால் அந்த அறையை உடைத்தது மருந்தா, இந்தக் கையா?

அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன் என்று கணவர் பாவம் சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பூனையிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "வாயை மூடிக்கிட்டு இருந்தா ஒருத்தருக்கும் தெரியப் போறதில்ல."

"உனக்குத் தெரியுமே," என்றாள் பூனை. "நாலு குழாய் எடு. மருந்து போட்டது ரெண்டு, போடாதது ரெண்டு. ரெண்டுலயும் ஆளுக்கு ஒண்ணு இடிப்போம். மருந்து நிஜம்னா என் கையிலயும் தெரியும்."

"தெரியலன்னா?"

"மூணு வருஷம் கண்ணாடி இடிச்சு உடம்பைத் தேத்தினதா வச்சுக்கோ."

அன்றே மருந்து போட்டார்கள், மறுநாள் இடித்தார்கள். பயில்வான் வழக்கம்போல்தான் இடித்தாள். மென்மையாக இடித்து ஏமாற்றிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது உண்மை, தோன்றியதற்கே கூச்சமாக இருந்தது. புதன்கிழமை மதியம் இருவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். புரதம் வெளியே வந்திருந்தால் அங்கே கறுப்புப் பட்டை தெரியும்.

மருந்து போடாத செல், பூனை இடித்தது: துடைத்துவிட்டாற்போல் காலி. அதே செல், பயில்வான் இடித்தது: பட்டை இருந்தது. மருந்தின் வாசனைகூடப் படாத செல். மூன்றாவது, மருந்து போட்டு அவள் இடித்தது, மூன்று வருடமாகப் பார்த்துப் பார்த்துப் பூரித்த அதே தடித்த கறுப்பு. நாலாவதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

பூனை அவள் தோளைத் தொட்டாள். "கண்ணைத் திற. இருக்கு."

இருந்தது. தடிமன் பாதிதான், ஆனால் அழுத்தமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. பூவைப்போல் தொட்ட கையிலும் புரதம் வெளியே வந்திருந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"பாதி மருந்து, பாதி நான்," என்றாள்.

பேராசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாலு பட்டைகளையும் நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாத்தையும் முதல்லேருந்து செய்யணும். எத்தனை மாசம்?"

"எட்டு ஆகும் சார்."

"நாளைக்கு அனுப்பியிருந்தா ஊரே சிரிச்சிருக்கும்," என்று பெருமூச்சு விட்டார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள், திட்டவில்லை. "சரி, இனிமே யார் இடிக்கறது?"

"எல்லாக் குழாயும் பூனைதான் சார். கட்டுரைல என் பேரோட அவ பேரும் வரணும்."

பேராசிரியர் தலையசைத்தார்.

வியாழக்கிழமை காலை, கட்டுரை போயிருக்க வேண்டிய நேரத்தில், பூனை ஐஸ் டப்பாவில் குழாயை நிறுத்தி இடிக்க ஆரம்பித்தாள். பயில்வான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள், பழக்கதோஷத்தில் நீண்டுவிடக் கூடாதே என்று. எட்டு மாதத்தை நினைத்தால் மலைப்பாக இருக்க வேண்டும், ஆனால் மனசு லேசாகத்தான் இருந்தது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது.

அடுத்து ஊற்ற வேண்டிய கரைசல் பாட்டிலைப் பூனை எடுத்தாள். திருகிப் பார்த்தாள், அசையவில்லை. தலையைத் தூக்காமலே அதைப் பயில்வான் பக்கம் நகர்த்தினாள்.