உள்மடிப்பு

ஹோட்டலின் சீருடை அறையில் தைக்கும் தையற்காரியிடம் வாசல் காவலாளி மறுபடியும் தன் சட்டையைக் கொண்டுவந்தான். நோய் அவனை எலும்பும் தோலுமாக்கியிருந்தது. சட்டை தொளதொளவென்று தொங்கினால் மேலாளர் கண்டுபிடித்து வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று, ஒவ்வொரு முறையும் அவள் பக்கங்களைப் பிடித்துத் தைத்துக் கொடுப்பாள். மிஞ்சும் துணியை வெட்டாமல் உள்ளே மடித்துவிடுவாள்.

"இந்த மடிப்பை வெட்டிடுங்கக்கா. விலாவுல உறுத்துது."

"பொறுத்துக்க தம்பி. உடம்பு தேறி நீ பூசணிக்கா மாதிரி வந்து நிப்பே. அப்ப பிரிச்சு விட நான் துணிக்கு எங்க போவேன்?"

எப்போதும் இதற்குச் சிரிப்பவன், இன்று மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான்.

"எனக்கு அப்புறம் வர்றவனுக்குப் பத்தாதேன்னு பாக்குறீங்களா?"

"வாயைக் கழுவுடா!"

"நிஜமாவே வலிக்குதுக்கா."

அதற்கு மேல் அவளால் மறுக்க முடியவில்லை. சட்டையைத் திருப்பிப் போட்டு, தையலை ஒட்டி இரண்டு பக்கமும் வெட்டினாள். அவன் போட்டுப் பார்த்தான்.

"அப்பாடா, இப்பத்தான் சுகமா இருக்கு."

காலர் நேராகத்தான் இருந்தது. அதையே இழுத்து இழுத்துச் சரிசெய்தாள்.