கரண்டிக் காம்பும் மாமன் விரலும்

என் அண்ணன் தௌபீக்கைக் கோபப்படுத்த ஒரு சிட்டிகை உப்பு போதும். சும்மா சொல்லவில்லை, என் கல்யாணத்தன்று அதுதான் நடந்தது.

போடியில் எங்களுக்கு ஏலக்காய்க் கடை. கல்யாணத்துக்காகக் கடையை எங்களைப் பெற்ற அத்தாவிடம் விட்டுவிட்டு, ஆடு பிடித்ததிலிருந்து அடுப்பை அணைத்தது வரை பிரியாணிப் பொறுப்பு முழுவதையும் அண்ணன் தன் தலையில் போட்டுக்கொண்டான். மாப்பிள்ளை சஜ்ஜாத் குரங்கணிக்காரர். ஜீப் வைத்து ஓட்டுகிறார், கொஞ்சம் காப்பித் தோட்டமும் உண்டு. நல்ல மனிதர்தான், வாயைச் சும்மா வைத்துக்கொள்ளத்தான் தெரியாது. பந்தியில் சிநேகிதர்களோடு உட்கார்ந்து, "உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். மச்சான் வேர்வையையும் சேர்த்து அண்டாவுல வழிச்சு விட்டுட்டாரு போல" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். பின்னால் தயிர்ப் பச்சடி வாளியோடு நின்றது அண்ணன்.

அவ்வளவுதான். வாளியை டொக்கென்று தரையில் வைத்தான். "உன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். உன் வீட்டுத் தண்ணி என் தொண்டையில இறங்காது" என்று சபையில் வைத்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். இவராவது ஒரு வார்த்தை தணிந்து பேசியிருக்கலாம். "தமாஷுக்குச் சொன்னதுக்கெல்லாம் யாராச்சும் மன்னிப்புக் கேப்பாங்களா?" என்று இவரும் முறுக்கிக்கொண்டார். அன்றிலிருந்து இவர் எங்கள் வீட்டுக்கு முன்வாசலில் வந்தால் அண்ணன் பின்வாசலில் போய்விடுவான்.

எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. நான் உண்டானதும் கவலை இரட்டிப்பானது. ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறக்கும். அதைத் தகப்பன் வீட்டில் கொண்டு விடும்போது தாய்மாமன்தான் கையில் தூக்கிக்கொண்டு போய் வாசற்படியைத் தாண்ட வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அந்த அண்ணனோ அந்த வாசற்படியைத்தான் மிதிக்க மாட்டேன் என்கிறான். வேறு யாரையாவது தூக்கச் சொல்லலாம் என்று அம்மா மெதுவாக ஆரம்பித்தபோது, "அண்ணன் தூக்கிட்டு வந்தாத்தான் நான் குரங்கணிக்குப் போவேன்" என்று சொல்லிவிட்டேன். பிடிவாதம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பொதுச்சொத்து.

ரய்யான் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அண்ணன் கடையிலிருந்து ஓடிவந்தான். சட்டையெல்லாம் ஏலக்காய் வாசம். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஆள்காட்டி விரலால் அந்தச் சின்ன உள்ளங்கையைத் தொட்டான். ரய்யான் லபக்கென்று விரலைப் பிடித்துக்கொண்டான். சரியாக அந்த நேரம் வாசலில் ஜீப்பு ஹாரன் கேட்டது.

அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தான். பிள்ளை விடவில்லை. லேசாக இழுத்தான், பிடி இன்னும் இறுகியது. பிய்த்துக்கொண்டு போகவும் மனசு வரவில்லை. இவர் உள்ளே வந்து அண்ணனைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"உன் பிள்ளைதான் விட மாட்டேங்குறான்" என்றான் அண்ணன், சுவரைப் பார்த்துக்கொண்டு. கல்யாணத்துக்குப் பிறகு அவன் இவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"இருங்க மச்சான்" என்றார் இவர். ஆச்சரியமாக, அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் அண்ணன் தெருவெல்லாம் சொல்லிவிட்டான். "என் மருமகன் என்னை அடையாளம் கண்டு புடிச்சுட்டான்யா! பச்ச மண்ணு, கண்ணு கூடச் சரியாத் தொறக்கல. மாமன் விரலைப் புடிச்சு, 'வா மாமா'ங்கிறான்! நானே தூக்கிட்டுப் போய் விட்டுட்டு வர்றேன். அவன் கூப்பிட்டா நான் போகாம இருக்க முடியுமா?" அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இவருடைய அக்கா ரமீஸா பிள்ளை பார்க்க வந்தார். தேனியில், கை கால் வளர்ச்சி தாமதப்படுகிற குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பது அவருக்கு வேலை. வந்தவர் கை கழுவிக்கொண்டு ரய்யானைத் தூக்கி வேடிக்கை காட்டினார். கன்னத்தை விரலால் தடவினால் அந்தப் பக்கம் வாயைத் திருப்பிப் பால் தேடினான். தலையைத் தாங்கிய கையை ஒரு நொடி தாழ்த்தினால் இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டான். நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைப் பாயில் பட வைத்தால் ஒரு கால் மாற்றி ஒரு கால் எடுத்து வைத்தான்.

"யா அல்லாஹ், இப்பவே நடக்குறானே!" என்று அம்மா வாயில் கை வைத்தாள்.

"இது நடை இல்ல மாமி. பொறக்கும்போதே ஒடம்பு கொண்டு வர்ற பழக்கம். அவன் நெனச்சுச் செய்யல, தானா நடக்குது. கொஞ்ச மாசத்துல மறைஞ்சிரும். அப்புறம் நெசமான நடை, அவன் காலம் வரும்போது வரும்."

அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இதைப் பாருங்கக்கா" என்று பெருமையாக விரலை நீட்டினான். ரய்யான் பிடித்தான்.

"அதுவும் அப்படித்தான் தம்பி" என்று ரமீஸா மதினி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். "உள்ளங்கையில எது பட்டாலும் மூடிக்கும். கரண்டிக் காம்ப வச்சாலும் புடிப்பான்."

அண்ணன் அடுப்படிக்குப் போனான். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கழுவித் துடைத்த கரண்டியோடு வந்து, காம்பை ரய்யானின் உள்ளங்கையில் வைத்தான். மாமன் விரலை எப்படிப் பிடித்தானோ அதே பிடி. முகத்தில் அதே அமைதி வேறு.

"ஆக, கரண்டியும் நானும் ஒண்ணு" என்றான் அண்ணன்.

யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை. இரவு சாப்பிடும்போது, குரங்கணிக்கு வரப்போவதில்லை என்று அறிவித்தான். "என்னை யாரும் கூப்பிடல. நானா நெனச்சுக்கிட்டேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவன் வருத்தமாகச் சொன்னான்.

விஷயம் தெரிந்ததும் மதினிக்கு ஒரே சங்கடம். மறுபடி வந்து அண்ணனை உட்கார வைத்துப் பேசினார். "தம்பி, அந்தப் பிடி போகணும். போனாத்தான் அவன் கை அவனுக்குச் சொந்தம். அதுக்கப்புறம் யாரைப் பார்த்துக் கை நீட்டுறானோ, அது அவனா ஆசைப்பட்டு நீட்டுறது. நாலஞ்சு மாசம் பொறுங்க."

"பொறுக்குறேன். அவனா நீட்டட்டும். அப்ப வர்றேன்" என்றான் அண்ணன். நானும் அதற்கு ஒத்துக்கொண்டேன். வேறு வழி?

அதிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் கரண்டிப் பரீட்சை. கடைக்குக் கிளம்பும் முன் அண்ணன் காம்பைப் பிள்ளை கையில் வைத்துப் பார்ப்பான். பிடித்தால் முகம் தொங்கிவிடும், சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். ரய்யானுக்கு இதைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. அவன் பாட்டுக்குச் சிரிக்கக் கற்றான். குப்புறப் போட்டால் தலையைத் தூக்கி ஆமை மாதிரி நாலாபக்கமும் பார்த்தான். ஒருநாள் தன் கையையே புதிதாகக் கண்டுபிடித்து, முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு வெகுநேரம் விசாரித்தான். குரங்கணியிலிருந்து என் மாமியார் போன் போட்டு, "பிள்ளையப் பள்ளிக்கூடத்துல சேர்க்குற வயசுலதான் அனுப்புவீகளா?" என்று கேட்டார். இவர் வாரம் தவறாமல் மலையிறங்கி வந்து, என்னையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு வாடிய முகத்தோடு ஜீப்பு ஏறினார்.

ஒரு காலை, கரண்டி விழுந்தது. அண்ணன் காம்பை வைத்தான். ரய்யான் விரலை விரித்தபடியே அதைப் பார்த்தான், பிறகு வேண்டாம் என்பதுபோல் கையை எடுத்துக்கொண்டான். கரண்டி தரையில் விழுந்து கணீரென்றது. மறுபடி வைத்தான், மறுபடியும் விழுந்தது.

"விட்டுட்டான்! முபீனா, விட்டுட்டான்!" என்று அண்ணன் கத்திய கத்தலில், பிள்ளையைத்தான் யாரோ கீழே விட்டுவிட்டார்கள் என்று அம்மா குளியலறையிலிருந்து பாதி நனைந்தபடி ஓடிவந்தாள். அவன் அதற்குள் அல்வா வாங்கப் போய்விட்டான். பக்கத்து வீட்டுப் பொன்னுமணி அக்கா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "என்னப்பு, பல்லு மொளைச்சிருச்சா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. கரண்டியக் கீழ போட்டுட்டான்."

"அதுக்கா அல்வா? எங்க வீட்டுல தெனம் ஒண்ணு போடுது, ஒரு மிட்டாய் கூட யாரும் குடுத்ததில்ல" என்றார் பொன்னுமணி அக்கா.

இனி கை நீட்ட வேண்டியதுதான் பாக்கி. அண்ணன் கடையிலிருந்து வெரசா வந்து பிள்ளைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வான். ரய்யானும் நீட்டினான். என் வளையலுக்கு, அம்மாவின் மூக்குக் கண்ணாடிக்கு, ஜன்னல் திரைக்கு. ஒரு வெள்ளிக்கிழமை இவர் வந்து குனிந்தபோது, இரண்டு கையாலும் எட்டி இவருடைய மீசையைக் கொத்தாகப் பிடித்தான். இவருக்கு அந்த மீசை என்றால் உயிர், தினமும் சீப்பு போடுவார். வலியில் கண்ணில் நீர் வர, சந்தோஷத்தில் கெக்கெக்கென்று சிரித்தார். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தால், கதவருகில் அண்ணன்.

அண்ணன் கையில் இருந்த கிலுகிலுப்பையைப் பாயில் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனான். பழைய வாசல். இவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ரொம்ப நேரம் மீசையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "பாவம் முபீனா, மச்சான்" என்றார். இவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்கத்தான் நான் இத்தனை காலம் காத்திருந்தேன் போலிருக்கிறது. எனக்கு இவர் மேல் அன்றுதான் மறுபடி காதல் வந்தது.

அடுத்த வாரம் இவர் ரமீஸா மதினியையும் கூட்டிக்கொண்டு வந்தார், என்னை அழைத்துப் போக நாள் பேச. அண்ணனும் அன்று வீட்டில் இருந்தான். அம்மா கெஞ்சியதால் உட்கார்ந்திருந்தான், மூலை நாற்காலியில். ஜீப்பு நின்ற சத்தம் கேட்டது. உள்ளே வந்தவரைப் பார்த்து எனக்கே ஒரு நொடி யாரென்று தெரியவில்லை.

மீசை இல்லை. மழித்த இடம் வெளிறிக் கிடந்தது.

"என்னங்க இது?"

"சும்மாதான். வெயிலுக்கு" என்றார், அண்ணன் பக்கம் பார்க்காமல். "மீசை இருந்தாத்தானே புடிப்பான்."

அண்ணன் நாற்காலியிலிருந்து நிமிர்ந்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

இவர் ஆசையாகக் கை நீட்டிப் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கினார். ரய்யான் அந்த மொட்டை முகத்தை உற்றுப் பார்த்தான். புருவம் சுருங்கியது, கீழுதடு பிதுங்கியது. யாரிந்த ஆள் என்று வீடு அதிர அழ ஆரம்பித்தான். நான் கை நீட்டினேன், அம்மா நீட்டினாள், மதினி நீட்டினார். அவன் எங்களையெல்லாம் தாண்டிப் பார்த்தான். மூலையில் அண்ணன். ரய்யான் இரண்டு கையையும் நீட்டி, இடுப்பிலிருந்து மொத்த உடம்பையும் சாய்த்து அவன் பக்கம் எக்கினான்.

அண்ணன் எழுந்தான், ஆனால் கிட்டே வரவில்லை. "அக்கா, இதுவும் அந்தப் பழக்கந்தானா?"

"இல்ல தம்பி" என்றார் மதினி. "இத எந்தக் கரண்டிக்கும் செய்ய மாட்டான். தூக்குங்க."

அண்ணன் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். ஏலக்காய் வாசச் சட்டையில் முகத்தைப் புதைத்ததும் அழுகை நின்றது. அண்ணன் அழுதான். இவர் தன் மேலுதட்டைத் தடவிக்கொண்டு, "மீசையும் போச்சு, பிள்ளையும் போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தோம், அண்ணனும்.

அந்த ஞாயிறே கிளம்பினோம். குரங்கணி வரை அண்ணன் ரய்யானை யாரிடமும் தரவில்லை. ஜீப்பு வீட்டு முன்னால் நின்றது. உள்ளே தண்ணீர்ச் செம்போடு மாமியார் நின்றிருந்தார். அண்ணன் இறங்கி நடந்து வாசற்படி வரை வந்தான், அங்கே நின்றுவிட்டான். சொன்ன சொல் ஞாபகம் வந்துவிட்டதா? பிறகுதான் பார்த்தேன். காலில் வார் மாட்டிய செருப்பு, கை இரண்டிலும் பிள்ளை. குனியவும் முடியாமல், பிள்ளையை இன்னொருவரிடம் கொடுக்கவும் மனசில்லாமல் தவித்துக்கொண்டிருந்தான்.

இவர் ஜீப்பை விட்டு இறங்கி வந்தார். அண்ணன் காலடியில் மண்டியிட்டு உட்கார்ந்து, செருப்பு வாரில் கை வைத்தார்.

அண்ணன் பதறிப்போனான். "எந்திரி மாப்ளே! என்ன சோலி இது, எல்லாரும் பார்க்குறாக!"

"பார்க்கட்டும். அன்னிக்கும் எல்லாரும் பார்க்கத்தானே பேசுனேன்" என்றார் இவர், நிமிராமல். "காலைத் தூக்குங்க மச்சான்."

அண்ணன் காலைத் தூக்கினான். ஒரு செருப்பு, பிறகு இன்னொன்று. வெறுங்காலோடு என் மகனைச் சுமந்துகொண்டு என் அண்ணன் அந்த வாசற்படியைத் தாண்டினான். பின்னால் நான் போனேன். கண் மறைத்ததில் நிலைப்படியில் இடித்துக்கொண்டேன். வலிக்கவே இல்லை.

மாமியார் நீட்டிய செம்பை இவர் வாங்கி, கை ஒழியாத அண்ணனுக்குத் தானே வாயில் ஊற்றினார். அண்ணன் மடக்மடக்கென்று குடித்தான். பாதி அவன் சட்டையிலும் ரய்யான் தலையிலும் வழிந்தது. ரய்யான் சிரித்தான்.

"உப்பு சரியா இருக்கா மச்சான்?" என்றார் இவர்.

அண்ணன் உதட்டை நக்கி, யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"இன்னொரு செம்பு கொண்டா மாப்ளே. பார்த்துச் சொல்றேன்."