ஸலாஹுதீன் விட்டுப்போன பாம்பு

மசூருக்குச் செத்துப்போன ஒரு மனிதன் மேல் பொறாமை. அதைவிடக் கேவலம், அந்த மனிதன் விட்டுப்போன மலைப்பாம்பின் மேலும் பொறாமை. வெளியில் சொன்னால் கல்முனைச் சந்தையே கைகொட்டிச் சிரிக்கும். அதனால் வயிற்றெரிச்சலை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான்.

அவன்தான் என்ன செய்வான்? இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கல்யாணம் முடித்தவன் பெண்சாதி வீட்டில்தான் போய்க் குடியிருக்க வேண்டும். கமீலாவின் முதல் மாப்பிள்ளை ஸலாஹுதீனைச் சுனாமி கொண்டுபோன பிறகு, அந்த வீட்டுக்கு மசூர் மாப்பிள்ளையாக வந்தான். வந்து பார்த்தால், முன்னறைக் கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்து அவனையே பார்த்தது அந்தச் சனியன். தூக்கி எறி என்று சொல்ல அது அவன் வீடா?

கமீலா அதற்குச் செய்த பணிவிடை இருக்கிறதே! பெட்டியின் ஒரு மூலையில் பல்ப் எரிந்து சூடாக இருக்க வேண்டும், மறுமூலை குளிர்ந்திருக்க வேண்டும். அடியில் போட்ட தேங்காய்த் தும்புத்தூள் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் சொதசொதக்கக் கூடாது. சலூனில் தலைக்குத் தண்ணீர் விசிறுவார்களே, அப்படியொரு போத்தலால் காலையும் மாலையும் விசிறுவாள். மசூரின் தேத்தண்ணி ஆறிப்போனால் மட்டும் யாருக்கும் கவலையில்லை.

நாட்டில் சண்டை முடிந்த வருசம், கச்சான் காற்று ஊரைக் காய்ச்சி எடுத்த நாட்களில், இறக்காமத்தில் கமீலாவின் சாச்சி மகளுக்குப் பிள்ளை பிறந்தது. புறப்படும்போது கமீலா சொன்னாள்:

"அது சட்டை கழட்டப் போகுது, கண் வெளுத்திருக்கு. ஈரம் காஞ்சா தோல் ஒட்டிப்போகும், காயவிடாதீங்க, என்ன?"

"ஓம், ஓம். நான் பாத்துக்கிறன்."

நன்றாகத்தான் பார்த்தான். பல்பை எரியவிட்டான், போத்தலைத் தொடவேயில்லை. நானென்ன அடித்தா கொல்கிறேன், சும்மாதானே இருக்கிறேன் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னான். தும்புத்தூள் வறுத்த மாவாகிப் போனது.

கமீலா திரும்பி வந்ததும் பர்தாவைக்கூடக் கழற்றாமல் பெட்டியடிக்குப் போனாள். பாம்பின் உடம்பெல்லாம் பழைய தோல் கந்தல் கந்தலாக ஒட்டிக்கிடந்தது. கண்ணிலும் ஒட்டியிருந்தது.

"அல்லாஹ்வே! தண்ணி விசிறல்லையா?"

"ஓம், விசிறல்ல!" மசூர் வெடித்தான். "அவன்ட பாம்புக்கு நான் ஏன் விசிறணும்? நான் வந்தது உனக்கு மாப்பிள்ளையாவா, அவன்ட பாம்புக்குக் காவலாளியாவா?"

கமீலா மெல்லக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குப் புடிக்கல்ல எண்டு எனக்குத் தெரியாதா? செக்பொயிண்டுக்கு செக்பொயிண்டு பொட்டியத் துறந்து காட்டிப் பாம்ப வேற ஊருக்குக் கொண்டு போக ஏலுமா? சண்டை முடியட்டும் எண்டுதான் இருந்தன். கொழும்பில இதுகள வெச்சுப் பாக்கிற ஒராளோட கதைச்சு, வாற வெள்ளிக்கிழமை அவர் வந்து எடுக்கிறதா இருந்துச்சு. நீங்க சந்தோசப்படுவீங்க எண்டு சொல்லாம வெச்சிருந்தன்."

மசூருக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அப்ப... வந்து எடுக்கட்டுமே."

"இந்தக் கோலத்திலயா? சுகமான பாம்பெண்டாத்தான் எடுப்பன் எண்டு முதலே சொன்னவரு. இனி அடுத்த சட்டை முழுசாக் கழரணும்."

"அது எப்ப?"

"அது அதுட விருப்பம்." போத்தலை நிரப்பி அவன் கையில் கொடுத்தாள். "இனி நீங்கதான் விசிறுற."

அன்றிலிருந்து காலையில் எழும்பினால் மசூர் நேரே பெட்டியடிக்குப் போனான். தும்புத்தூளைப் பிழிந்து பார்த்தான். பல்பின் சூட்டுக்குப் புறங்கையைக் காட்டிப் பார்த்தான். "கழட்டித் துலையன், மூதேவி" என்று கெஞ்சினான்.

"தேத்தண்ணி ஆறுது, வாங்க!" என்று குசினியிலிருந்து கமீலா கூப்பிட்டாள்.

"கொஞ்சம் இரி புள்ள," என்றான் மசூர். "இந்த மூலைக்கு இன்னும் ஈரம் காணாது."