முள்ளங்கிக்கு யார் சொல்வது?

"போர்வைய இன்னும் கொஞ்சம் தூக்குங்கம்மா, ஐஸ் வைக்கணும்," என்றாள் இறுதிச் சடங்கு நடத்தும் கடையிலிருந்து வந்த பெண்.

நுனியில் மட்டும் பிடித்திருந்த மினோரி, இப்போது போர்வையை நன்றாகத் தூக்கினாள். நாலு வருஷத்துக்குப் பிறகு அப்பாவை இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறாள். மனிதர் இளைத்திருந்தார். அந்தப் பெண் துணியில் சுற்றிய ஐஸ் பாளங்களை விலாவுக்கு அணைவாக வைத்தாள். குழந்தையைத் தூங்கவைக்கிறவள் மாதிரி மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"நாளைக்குக் காலையில வண்டி வந்துடும். இன்னைக்கு நாள் சரியில்ல பாருங்க."

சனிப்பிணம் தனிப்போகாது என்பார்களே, அந்தக் கணக்குதான். பஞ்சாங்கப்படி அன்று துணைக்கு ஆள் இழுக்கிற நாள். அன்று எரித்தால் போகிறவர் ஒரு சிநேகிதனையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாராம். கியோட்டோவுக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்ன ஊரின் எரிமேடைக்கு அன்று விடுமுறை. ஆகவே பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த நிஷிவாகி கியோஹாரு, ஒரு நாள் உபரியாக வீட்டில் தங்கும்படி ஆயிற்று. வாழ்நாளெல்லாம் நகரப் பேருந்தை நேரம் தவறாமல் ஓட்டியவர் முதல்தடவையாகத் தாமதமாகப் புறப்படப் போகிறார்.

தலைமாட்டில் ஊதுபத்தி புகைந்தது. பக்கத்தில் கிண்ணம் நிறையச் சோறு, அதன் நடுவில் நட்டுவைத்த இரண்டு சாப்பாட்டுக் குச்சிகள். கால்மாட்டில் டிவி, அதன் கீழே வீடியோ விளையாட்டுப் பெட்டி. பெட்டியை மறைக்க அம்மா ஒரு வெள்ளைத் துணியைப் போட்டிருந்தாள். அதனால் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

அந்தப் பெண் போனதும் மினோரி கேட்டுவிட்டாள். வந்ததிலிருந்து தொண்டையிலேயே நின்றிருந்த கேள்வி.

"அம்மா, அப்பா கோவத்தோடயே போயிட்டாரா?"

அம்மா யாசுயோ பாயிலிருந்த ஐஸ் ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்கு எப்படிடி தெரியும்? உன் பேச்சையே எடுக்க மாட்டார். நான் எடுத்தா எழுந்து போயிடுவார். திட்டியிருந்தாலாவது கோவம்னு சொல்லலாம்."

மினோரி நகராட்சி அலுவலகத்தில் பார்த்த நல்ல வேலையை விட்டுவிட்டு, மனைவியை இழந்த ஒரு ரொட்டிக் கடைக்காரரோடு ஒகயாமாவுக்குப் போனவள். அவருக்கு ஒரு பெண்குழந்தையும் இருந்தது. "போனா போனதுதான். திரும்ப இந்த வாசப்படி மிதிக்காத," என்று அன்று அப்பா சொன்னார். அவள் மிதிக்கவில்லை. அப்பாவின் பிடிவாதத்தில் பாதியாவது மகளுக்கு வராமல் போகுமா? இன்று காலை செருப்பைக் கழற்றும்போதுகூட அவள் கால் ஒரு கணம் படிக்கு வெளியிலேயே நின்றது.

ஆனால் அம்மாவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. இந்த நாலு வருஷமும் ஞாயிறு சாயங்காலம் தவறாமல் மினோரி அப்பாவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தச் சின்ன வண்டிப் பந்தய விளையாட்டு அவர்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஏழு வயது. போனஸ் வந்த அன்று அப்பா வாங்கி வந்தார். அதைச் செய்கிற கம்பெனியின் கட்டடம் அவருடைய பேருந்துத் தடத்திலேயே இருந்தது. தினமும் அதைத் தாண்டிப் போகிறவருக்கு ஒருநாள் ஆசை வந்துவிட்டது போலும். அதிலிருந்து பெட்டி மாறும், பாகம் மாறும், பாதைகள் மாறும், ஆட்டம் மட்டும் அதேதான். வாழைப்பழத் தோலைப் போட்டுச் சறுக்க வைப்பது, பின்னாலிருந்து சிவப்பு ஆமையோட்டை எறிந்து கவிழ்ப்பது, கவிழ்ந்தவன் எழுந்து துரத்துவது. ஒவ்வொரு புதுப் பாகத்தையும் அப்பாவும் மகளும் சேர்ந்தே பழகினார்கள். வளைவுக்கு முன்னாலேயே வண்டியைச் சாய்க்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

முதல் வருஷம் ஒருநாள் அப்பா வேண்டுமென்றே பின்தங்கி அவளை ஜெயிக்க விட்டார். அவள் கண்டுபிடித்துவிட்டாள். தோற்றிருந்தால்கூட அவ்வளவு அழுதிருக்க மாட்டாள். கண்ட்ரோலரைச் சுவரில் வீசிவிட்டு, அப்பாவோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டாள். அவர் பேருந்துத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்து, "இனிமே உனக்கு விட்டுக்குடுக்கவே மாட்டேன்," என்று சத்தியம் செய்த பிறகுதான் சாப்பிட வந்தாள். சத்தியத்தை அவர் காப்பாற்றினார். எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியும் நேரமாகப் பார்த்து அவள் முதுகில் சிவப்பு ஓட்டை விட்டுவிட்டு, "பரிதாபம்!" என்பார். அவளுக்கு இருபது வயதான பிறகும் அப்படித்தான்.

அப்பா ஓய்வு பெற்றதும் டெப்போ டிரைவர்களெல்லாம் ஞாயிறு சாயங்காலம் அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்து ஆட அவருக்கு அந்த விளையாட்டுக்குள்ளேயே ஓர் அறை அமைத்துக் கொடுத்தவளும் மினோரிதான். அறைக்கு ஓர் எண் உண்டு. எண் தெரிந்த யாரும் நுழையலாம். ஒகயாமாவுக்குப் போன முதல் குளிர்காலத்தில் ஒருநாள், கடையைச் சாத்திய பிறகு, புதிதாக ஒரு பெயர் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் போட்டு உள்ளே போய்விட்டாள். அன்று கையில் நறுக்கிக்கொண்டிருந்தது முள்ளங்கி. அதையே பெயராக வைத்தாள்.

அந்த அறையில் பேச முடியாது. பெட்டியே வைத்திருக்கும் ஐந்தாறு வாக்கியங்கள்தான். 'வணக்கம்', 'இன்னொரு ஓட்டம்?', 'நல்ல ஆட்டம்'. அதில் அப்பா 'வணக்கம்' போடுவதைப் பார்ப்பதற்காகவே அவள் வாரம் முழுக்க மாவு பிசைந்தாள் என்று சொல்லலாம். ஆனால் போன முதல் நாளே கடைசிச் சுற்றில் அப்பாவின் வண்டி சிவப்பு ஓட்டால் அவளைக் கவிழ்த்தது. அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரமும். யாரோ அழையாத ஆள் வந்துவிட்டான், விரட்டுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். விரட்டினாலும் போகாமல் இருந்தாள். வேறென்ன செய்ய?

போன ஞாயிறு அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் கவிழ்த்தார். 'நல்ல ஆட்டம்' போடாமலே பெட்டியை அணைத்துவிட்டாள்.

"அந்தக் கண்ட்ரோலர அவரோட வச்சு அனுப்பலாம்னு பாத்தேன்," என்றாள் அம்மா, துணியைப் பிழிந்துகொண்டே. "பிளாஸ்டிக் கூடாதாம். எரியாதாம். ஞாயித்துக்கிழமை ஆனா போதும், ஆறு மணிக்கே குளிச்சு, ஷேவ் பண்ணி, சட்டை மாத்திட்டு உக்காந்துடுவார். டிவி முன்னாடி உக்கார எவனாவது ஷேவ் பண்ணுவானான்னு கேப்பேன். காதுலயே போட்டுக்க மாட்டார்."

மினோரி ஊதுபத்தியை மாற்றினாள். பழையது இன்னும் பாதிகூட எரியவில்லை.

மத்தியானம் டெப்போவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒகுரா இன்னும் வேலையில் இருப்பவர், இரண்டு நடைகளுக்கு நடுவில் சீருடையோடு வந்திருந்தார். முராகோஷி அப்பாவுக்கு முன்பே ஓய்வு பெற்றவர், முழங்கால் மடங்காமல் சுவரோரம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கும்பிட்டு, ஊதுபத்தி வைத்து, முகத்துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, ஒகுரா கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"தூங்கற மாதிரியே இருக்கார், அண்ணி."

"ஷேவ் பண்ணிவிட்டாங்க," என்றாள் அம்மா.

தேநீரும் சோற்றுருண்டைகளும் வந்தன. சாவு வீட்டில் வயிறு நிறைந்தால் பேச்சு வரும். முராகோஷியின் கண் வெள்ளைத் துணி போட்ட பெட்டிமேல் விழுந்தது.

"எத்தன ஞாயித்துக்கிழமை! ஆனா ஒண்ணு, எங்கள மாதிரி மோசமா ஆடறவன் இந்த ஜப்பான்லயே கிடையாது. மினோரி, உனக்குத் தெரியுமா? எதிர்ல நம்ம பஸ் வந்தா டிரைவருங்க கைய தூக்கிக்குவோம் இல்ல? விளையாட்டுல பாத சுத்தி வர்றப்போ எதிர்ல ஒகுரா வண்டி வரும். உடனே கண்ட்ரோலர விட்டுட்டுக் கைய தூக்கிடுவேன். நேரா கடல்ல போய் விழுவேன்."

"நானும் தூக்குவேன். நானும் விழுவேன்," என்றார் ஒகுரா.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மினோரியும் சிரித்தாள். அவள் அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். நேர் பாதையில் இரண்டு வண்டிகள் காரணமே இல்லாமல் சேர்ந்தாற்போல் கடலில் விழும்போது, யாரோ கிழவர்களுக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று நினைத்திருந்தாள்.

"அண்ணன் மட்டும்தான் ஆடத் தெரிஞ்சவரு," என்றார் ஒகுரா. "ஆனா யாரையும் அடிக்க மாட்டார். அறைக்கு அவர் போட்ட சட்டமே அதுதான். 'வாரம் முழுக்க முன்னாடி போற வண்டிய இடிக்காம ஓட்டிட்டு, ஞாயித்துக்கிழமை முதுகுல அடிக்கிறதாடா? அந்தப் பழக்கம் ரோட்டுக்கு வந்துரும்'பார். சிவப்பு ஓடு கையில கிடைச்சா ஓரமா தூக்கிப் போட்டுடணும். எல்லாரும் அப்படித்தான் ஆடுவோம்."

மினோரி தேநீர்க் கிண்ணத்தைத் தாம்பாளத்தில் வைத்தாள்.

"யாரையுமே அடிக்க மாட்டாரா?"

முராகோஷி நீட்டிய காலைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஒரே ஒரு ஆள. முள்ளங்கின்னு பேரு. எங்கிருந்தோ வந்து சேந்துது. யாருன்னும் தெரியாது, டெப்போ ஆளும் இல்ல. அத மட்டும் விட மாட்டான் உங்க அப்பன். வாராவாரம் கோட்டுக்கிட்ட வச்சுக் கவுத்துடுவான். சட்டம் போட்டவனே இப்படிப் பண்றியேடான்னு கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா? 'அந்த ஆளுக்கு விட்டுக்குடுத்தா பொல்லாத கோவம் வரும்'னான்."

"நான்கூட சொன்னேன், அறை எண்ண மாத்திடலாம்ணே, வெளியாள் வரமுடியாதுன்னு," என்றார் ஒகுரா. "கத்திட்டார். அவர் கத்தி நான் பாத்ததே அன்னைக்குத்தான். 'எண்ண எவனாவது தொட்டீங்க, நான் வரவே மாட்டேன்'னார். அப்புறம் அவரே கொஞ்ச நேரம் கழிச்சு, 'அந்த ஆள் வளைவுல வண்டிய சாய்க்கிறத பாத்தியா? யாரோ நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க'ன்னார். பெரும வேற."

தெருவில் ஒரு பேருந்து நின்று, மூச்சுவிட்டு, கிளம்பிப் போனது. மினோரி அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவ்வளவுதான் என்று தெரிந்தது. தட்டிலிருந்த ஒரு சோற்றுப் பருக்கையை விரலால் ஒற்றி எடுத்தாள், திரும்ப அங்கேயே வைத்தாள். நாலு வருஷம். போ போ என்று விரட்டுவதாக நினைத்து அழுத ஞாயிறுகளெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நெஞ்சில் முட்டின. அதைத் துக்கம் என்று சொல்ல முடியாது. சந்தோஷம் என்று சொன்னால் அடுக்காது. சாவு வீட்டில் இரண்டுக்கும் ஒரே கண்ணீர்தான், நல்லவேளை.

ஒகுரா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். அடுத்த நடைக்கு நேரமாகியிருந்தது. எழுந்தவர் தயங்கி நின்றார்.

"அதான் அண்ணி ஒரு சங்கடம். நாளைக்கு ஞாயிறு. எல்லாம் முடிஞ்சப்புறம் அண்ணன் ஞாபகமா ஒரே ஒரு ஓட்டம் ஓடலாம்னு இருக்கோம். அந்த முள்ளங்கியும் வரும். அதுக்கு ஒண்ணும் தெரியாது. அண்ணன் வண்டியத் தேடும். அங்க பேசவும் வழியில்ல. 'வணக்கம்', 'நல்ல ஆட்டம்' இத வச்சுக்கிட்டு ஒரு சாவ எப்படிச் சொல்றது? பாவம், அதுக்கு யாரு சொல்றது?"

"தெரியும்," என்றாள் மினோரி.

"என்னம்மா?"

"அந்த ஆளுக்குத் தெரியும். நீங்க கவலப்படாதீங்க."

ஒகுரா ஏதோ கேட்க வாயெடுத்தார். முராகோஷி சுவரைப் பிடித்து எழுந்து, அவர் முழங்கையை ஓர் அழுத்து அழுத்தினார். இருவரும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு திரும்பி, வந்தபோது கும்பிட்டதைவிட வெகுநேரம் குனிந்து கும்பிட்டார்கள். அவர்கள் போன பிறகும் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஞாயித்துக்கிழமைல நீ கடைய எத்தன மணிக்குடி சாத்துவ?"

"ஆறு மணிக்கு."

அம்மா தலையை ஆட்டினாள். காலிக் கிண்ணங்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

மறுநாள் காலை சவப்பெட்டியை மூடுமுன் எல்லோர் கையிலும் பூத்தட்டு கொடுத்தார்கள். வெள்ளைச் சாமந்தி, வெளிர்நீல மணிப்பூ. சடங்குக் கடைப் பெண் ஓரத்தில் நின்று, கண்ணாடி, இரும்பு எதுவும் உள்ளே போகாமல் மரியாதையாகக் கவனித்துக்கொண்டிருந்தாள். அம்மா மடியிலிருந்து அப்பாவின் வெள்ளை நூல் கையுறைகளை எடுத்தாள். துவைத்து இஸ்திரி போட்டிருந்தது.

"கையில மாட்டிவிடவா? பஸ் ஓட்டற மாதிரி போகட்டும்."

"கையில வேணாம்மா," என்றாள் மினோரி. "பக்கத்துல வை."

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையுறைகளை இடுப்போரம் வைத்தாள். அப்பாவின் விரல்கள் ஜபமாலைக்குள் கோத்திருந்தன. மினோரி குனிந்து அவருடைய வலது கட்டைவிரலைத் தொட்டாள். நுனித் தோல் ஒரு பொத்தான் அளவு வட்டமாகக் காய்த்திருந்தது. ஸ்டியரிங் பிடித்தால் அந்த இடத்தில் காய்க்காது.

பின்னால் சொந்தக்காரர்கள் பூவோடு காத்திருந்தார்கள். தோளில், கழுத்தோரம், காதுப்பக்கம் என்று ஒவ்வொருவராக வைத்துக்கொண்டே வந்தார்கள். யாரோ ஒரு சித்தி ஒரு கொத்துச் சாமந்தியை அப்பாவின் கையின்மேல் வைத்தாள். மினோரி அதை எடுத்து, கொஞ்சம் தள்ளி மணிக்கட்டுக்குக் கீழே வைத்தாள். மூடி போடும்வரைக்கும் அந்த விரலின்மேல் பூ விழாமல் பார்த்துக்கொண்டாள்.