மேல் டிவிஷன் ஏத்தம்

கூடலூரில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த வினோதா, கொட்டகலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளாகிவிட்டாள். தாத்தா காலத்தில் இதே மலையிலிருந்து கப்பலேறிப் போன குடும்பம்தான் அவளுடையது. ஆனாலும் அவள் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் நீலகிரியில். இலங்கை அவளுக்குப் புது நாடு. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவளை ‘இந்தியாக்காரி’ என்றார்கள். கேலியாக இல்லை, அடையாளத்துக்குத்தான். இருந்தாலும் அவளுக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது.

அப்பாவுக்குக் காலில் அடிபட்ட வருஷம் அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பந்தலூர் வரைக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு போய் வருவாள். கல்யாணத்தின்போது அந்த ஜீப்பை விற்று, காசை அவள் கையிலேயே கொடுத்தார் அப்பா. அந்தக் காசை என்ன செய்வது என்பதில் இப்போது வீட்டில் இரண்டு கட்சி.

“கூரைத் தகரத்த மாத்து. மழ பேஞ்சா பானைய வச்சுப் பிடிக்க வேண்டியிருக்கு” என்றாள் மாமியார் பேச்சியம்மா. “பொம்பளப் பிள்ள கார் ஓட்டிக்கிட்டுப் போனா லயத்துல வேற பேச்சே இருக்காது.”

“காருல ஹயர் ஓடி, வாடகைக் காசுல நானே கூரை போட்டுத் தர்றேன் அத்த” என்றாள் வினோதா.

கஜேந்திரன் பஜாரில் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறவன். அம்மா பேசும்போது அம்மாவுக்கும், மனைவி பேசும்போது மனைவிக்கும் தலையாட்டுவான். ஆனால் ஒன்று அவனுக்கும் தெரியும். மழை நாளில் எந்த த்ரீவீல் ஆட்டோவும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு மேல் வராது. அதற்கு மேலே முனியாண்டி கோயில் வளைவு, செங்குத்தான ஏத்தம். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற நோயாளியும் மடுவத்தில் இறங்கி மேல் டிவிஷனுக்கு நடந்துதான் ஆக வேண்டும். அந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் வினோதாவின் இடது கால் தன்னால் கிளச்சைத் தேடும்.

இந்த ஊர் லைசன்ஸ் கைக்கு வந்த வாரமே கஜேந்திரனை இழுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனாள். எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற முனாப்பின் கார் சேல் கடை டவுனைத் தாண்டி ரோட்டோரம் இருந்தது. விலை கேட்டதும் அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு முழு ஜீப்பை விற்ற காசுக்கு இங்கே பழைய சின்னக் கார்தான் வரும்.

முனாப் நானா ஒரு வெள்ளைக் காரைக் காட்டினார். கண்ணாடி மாதிரி மினுங்கியது. உள்ளே புது சீட் உறை, ஊதுபத்தி வாசம். கஜேந்திரனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வினோதா பொனட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“காலையில எங்கயாச்சும் போயிட்டு வந்தீங்களா நானா?”

“இல்லையே தங்கச்சி. நிப்பாட்டி வச்ச இடத்துல நிக்குது.”

“சூடா இருக்கே. ஆறட்டும், ஆறின எஞ்சின் எப்படிக் கிளம்புதுன்னு பாக்கணும். தேத்தண்ணி குடிச்சிட்டு வர்றோம்.”

முனாப் நானா அவளை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படவில்லை. வெற்றிலையை மறு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டார்.

திரும்பி வந்து சாவியைத் திருப்பியபோது கார் இருமி, நீலமாகப் புகையைக் கக்கித்தான் கிளம்பியது. “கொஞ்ச நாள் ஓடாததால அப்படி” என்றார் அவர். “வேணுமின்னா இந்த ரோட்ல ஓட்டிப் பாருங்க.”

“ரோட்ல எல்லாக் காரும் ஓடும் நானா. இது எங்க வீட்டுக்கு ஏறணும். நீங்களும் வாங்க, கூடவே ஏறிப் பாப்போம்.”

“வாங்கிறதுக்கு முன்னாடியே வீட்டுக்கா?” என்றார் அவர். ஆனாலும் ஏறி உட்கார்ந்தார்.

மடுவம் வரைக்கும் கார் ஒழுங்காகத்தான் வந்தது. கோயில் வளைவின் பாதியில் எஞ்சின் முக்கியது, திணறியது, அப்படியே அணைந்து போனது. மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். பின்னால் ஒரு பக்கம் தண்ணீர் ஓடும் கான், மறுபக்கம் பள்ளம். கஜேந்திரன் கதவுப் பிடியை விடவில்லை. முனாப் நானா கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தார்.

வினோதா தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தபடி, பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டு, அந்த ஒடுங்கிய பாதையிலேயே காரைப் பின்பக்கமாக இறக்கிக்கொண்டு வந்து மடுவத்து முற்றத்தில் நிறுத்தினாள். முனாப் நானா கண்ணைத் திறந்தார்.

“எங்க பழகினீங்க இப்படி?”

“கூடலூர்ல. ஜீப்பு.”

அவர் கீழே இறங்கி அந்த வளைவை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். ஹட்டனுக்குத் திரும்பிப் போகும் வழியில், “பின்னால ஒரு மாருதி கிடக்கு” என்றார். “யாருக்கும் காட்டுறதில்ல. பார்வைக்கு நல்லா இல்ல. ஆனா ஒரே ஆள் வச்சு ஓட்டினது.”

கராஜுக்குப் பின்னால் நின்றது அது. உடம்பு சிவப்பு, ஒரு கதவு மட்டும் வேறெதோ காரிலிருந்து கழற்றி மாட்டிய சாம்பல் நிறம். கஜேந்திரனுக்கு முகம் தொங்கிப் போனது. வினோதா பொனட்டைத் தொட்டாள். பனி மாதிரிக் குளிர்ந்திருந்தது. எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தாள், கீழே குனிந்து டார்ச் அடித்துத் தகரத்தைத் தட்டிப் பார்த்தாள். சாவியைத் திருப்பியதும் இரண்டாவது தடவையிலேயே பிடித்துக்கொண்டு, சீரான சத்தத்தில் ஓடியது.

“இந்தியாவுலேருந்து வந்த பிள்ளைக்கு இந்தியாவுலேருந்து வந்த கார்” என்று சிரித்தார் முனாப் நானா.

“ஏறுதான்னு பாப்போம்” என்றாள் அவள்.

மறுபடியும் மடுவத்துக்கு வந்தபோது சாயந்திரக் கொழுந்து நிறுத்து முடிந்திருந்தது. இலேசான தூறல். பேச்சியம்மாவும் லயத்தில் பக்கத்து அறையான காம்பிராவில் இருக்கும் சண்முகவடிவும் வெறுங்கூடையோடு நடையைக் கட்டப் போனார்கள். வினோதா காரை அவர்கள் பக்கத்தில் நிறுத்தினாள்.

“ஏறுங்க அத்த.”

“நான் எதுக்கு? காலையில ஒண்ணு சறுக்கினத மலையிலேருந்து பார்த்தேன்ல.”

முனாப் நானாவும் தடுத்தார். “வெறுங்காரா ஏத்திப் பாருங்க தங்கச்சி. ஆளை ஏத்தினா சின்ன எஞ்சினுக்குப் பாரம்.”

“ஆள் இல்லாமப் போறதுக்கா நானா நான் கார் வாங்குறேன்?”

அவர் பின் சீட்டில் நகர்ந்து இடம் விட்டார். கஜேந்திரன் நடுவில், சண்முகவடிவு கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில். பேச்சியம்மா முந்தானையால் கால் சேற்றைத் துடைத்துவிட்டு முன் சீட்டில் ஏறினாள்.

வளைவுக்கு முன்பே வினோதா முதல் கியருக்கு வந்துவிட்டாள். காரின் மூக்கு மேலே தூக்கியது. எஞ்சின் குரல் கனத்தது. பாதி வளைவில், காலையில் அந்த வெள்ளைக் கார் அணைந்த அதே இடத்தில், பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம் கேட்டது. ஈரக் கல்லில் சில்லு ஒருமுறை வெறுமனே சுற்றியது. அவள் ஆக்சிலேட்டரை மிதிக்கவில்லை. கொஞ்சம் தளர்த்தி, கிளச்சைப் பாதியில் பிடித்து, சில்லு கல்லைக் கவ்வும் வரை காத்திருந்தாள். அது கால் வழியாக அவள் உடம்புக்குத் தெரிந்தது. பிறகு மெதுவாக வேகம் கொடுத்தாள். கார் ஒரு குலுக்கலோடு ஏறியது. ஏறிக்கொண்டே போனது. முனியாண்டி கோயில் பின்னால் போய்விட்டது.

லயத்து வாசல் தெரிந்ததும் பேச்சியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். “ஹாரன அடி புள்ள.”

வினோதா அடித்தாள். காம்பிராக்களிலிருந்து ஆட்கள் வந்து சுற்றிக்கொண்டார்கள். சாம்பல் கதவைத் தடவிப் பார்த்தார்கள். “இந்தியாக்காரி ஏத்திட்டா” என்றது ஒரு குரல். அந்தச் சொல் இந்தத் தடவை அவளுக்குச் சுருக்கென்று படவில்லை. கையைத் தூக்கிக் காட்டினாள்.

முனாப் நானா இறங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு விலையைச் சொன்னார். கஜேந்திரன் உடனே தலையாட்டப் போனான்.

“பின் டயர் ரெண்டும் தேஞ்சு போச்சு. கதவுக்குப் பெயின்ட் அடிக்கணும். கொறச்சுக்கிட்டுச் சொல்லுங்க நானா” என்றாள் வினோதா.

“இப்பத்தானே பார்த்தீங்க ஏறினத. இதுக்கு மேல கொறைக்க ஏலாது.”

“ஏறினது அவ ஓட்டினதால” என்றது முன் சீட்டு. பேச்சியம்மா இன்னும் இறங்கவில்லை. கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். “நீங்க கொறைக்கிற வரைக்கும் நான் எறங்க மாட்டேன். காரோட என்னையும் சேத்து ஹட்டனுக்குக் கொண்டு போங்க.”

லயமே சிரித்தது. முனாப் நானாவும் சிரித்துவிட்டார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, இரண்டு டயரின் விலையையும் பெயின்ட் கூலியையும் கழித்துச் சொன்னார். வினோதா கஜேந்திரனைப் பார்த்தாள். அவன் தலையாட்டவில்லை. “நீ சொல்லு” என்றான்.

“சரி நானா. எடுத்துக்கிறேன்.”

அவரைக் கடையில் கொண்டுபோய் விட வேண்டும். காசு கொடுத்து, கையெழுத்தும் போட வேண்டும். தூறல் விட்டு, பள்ளத்தில் பனி ஏறிக்கொண்டிருந்தது. வினோதா காரைத் திருப்பி நிறுத்தினாள். முனாப் நானாவும் கஜேந்திரனும் பின்னால் ஏறினார்கள். பேச்சியம்மா மட்டும் அசையவில்லை.

“அத்த, அதான் கொறச்சுட்டாரே. எறங்கலாம்.”

“எதுக்கு எறங்கணும்?” பேச்சியம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, வெளியே நின்ற சண்முகவடிவிடம் கூடையைக் கொடுத்தாள். “இத வீட்டுல வச்சிரு வடிவு. நான் எம் மருமகளோட டவுனுக்குப் போயிட்டு வர்றேன்.”